உங்களுக்குத் தெரியுமா? – சுழலும் எஞ்சினும் அதன் எண்ணெயும்

● செங்கோட்டையிலிருந்து தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம் என்று பஸ் பிடித்து மணிமுத்தாறு போகிறவர்கள் அணையையும் அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வீட்டில் செய்த விமானம் ஒன்று பறந்துகாட்டிய ஊர் அது. தொடுபுழா பக்கத்துத் தட்டக்குழாவைச் சேர்ந்த சஜி தாமஸ் பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேசாதவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சின்ன வயதில் பார்த்ததிலிருந்து பித்துப் பிடித்து, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைத் தாமே கட்டி முடித்தார். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் மணிமுத்தாற்றில் வைத்திருந்த ஓடுபாதையிலிருந்து 2014-இல் அது மேலே எழும்பியது. பிருத்விராஜ் நடித்து 2017-இல் வந்த ‘விமானம்’ என்ற மலையாளப் படத்துக்கு இவர் வாழ்க்கைதான் மூலம்.

● இந்த விஷயத்தில் சென்னை நமக்கு நூறு வருஷம் மூத்தது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கார்சிகா தீவுக்காரர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், வண்டிக் கூடு கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனியைப் பிடித்து ஒரு விமானம் செய்துகொண்டார். 1910 மார்ச்சில் பறந்தார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். ஹோட்டல்காரர் அல்லவா, வசூலை மறப்பாரா!

● மும்பை விமானி அமோல் யாதவ் தம் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டிய இடம் காந்திவலியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி. பதிவு எண் கிடைத்தது 2017-இல்.

● வீட்டு விமானக்காரர்கள் ‘ரோட்டரி எஞ்சின்’ என்றால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, 1909 வாக்கில் வந்த பழைய வகை: கிராங்க் ஷாஃப்ட் அப்படியே நிற்கும், சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். இன்னொன்று வாங்கெல்: பிஸ்டனே கிடையாது, முக்கோண ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் உருளும். இரண்டுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் இரண்டிலும் எண்ணெய்தான் பெரிய தலைவலி. இந்த வாரம் முழுக்க அந்தத் தலைவலிதான்.

● பழைய ஜாதியில் பேர்பெற்றது ‘நோம்’. பிரான்ஸின் செகான் சகோதரர்கள் செய்தது. ஏழு சிலிண்டர், 50 குதிரைத் திறன், எடை 75 கிலோவை ஒட்டி. தண்ணீரும் வேண்டாம், ரேடியேட்டரும் வேண்டாம். சிலிண்டர் சுற்றுகிற சுற்றில் காற்றே அதைக் குளிர்விக்கும். 1909 ஆகஸ்டில் பிரான்ஸின் ரீம்ஸ் நகரில் நடந்த விமானப் பந்தயத்தில் ஹென்றி ஃபார்மன் இந்த எஞ்சினோடு 180 கிலோமீட்டர் பறந்து ஜெயித்தார். அன்றிலிருந்து எல்லாரும் அதைக் கேட்டு நின்றார்கள்.

● அந்த எஞ்சினுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய். ஆமாம், நம் வீட்டு விளக்கெண்ணெயேதான்.

காரணம் இருக்கிறது. நோம் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி, நடுவில் துளையுள்ள கிராங்க் ஷாஃப்ட் வழியாகக் கிராங்க் பெட்டிக்குள் போய், அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறும். பேரிங்கும் பிஸ்டன் பின்னும் இருக்கிற அதே பெட்டி. சாதாரண மினரல் ஆயிலை அங்கே விட்டால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலோடு லேசில் சேராது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைய இருப்பது ரைசினோலிக் அமிலம்; உலோகத்தை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. சூட்டிலும் படலம் அறுபடாது.

● உள்ளே போன அந்த எண்ணெய் திரும்பி வரவே வராது. எஞ்சினே சுற்றிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் சொட்டி அடியில் சேர அடி எங்கே இருக்கிறது? மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கிறதே. பம்பு தள்ளிய எண்ணெய், மைய விலக்கு விசையில் சிலிண்டர் தலைவரை வீசப்பட்டு, பாதி எரிந்தும் எரியாமலும் வால்வு வழியே வெளியேறிவிடும். ஒரே பயணம்தான். அதனால் குழாய்வேலை சுலபம்: ஒரு டேங்க், ஒரு பம்பு, கிராங்க் ஷாஃப்டுக்குள் போகும் குழாய். எண்ணெய் சேரும் சம்ப் இல்லை, கூலர் இல்லை, திரும்பும் குழாய் இல்லை. அந்த வசதிக்குக் கொடுக்கிற விலை எண்ணெய்ச் செலவு. பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு அளவுக்கு விளக்கெண்ணெயையும் ஏற்றிக்கொண்டுதான் ‘சாப்வித் கேமல்’ போன்ற போர் விமானங்கள் கிளம்பின.

● எண்ணெய் ஓடுகிறதா என்று விமானி எப்படித் தெரிந்துகொள்வார்? பல விமானங்களில் அவர் முன்னால் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். அடியில் எண்ணெய், மேலே கொஞ்சம் காற்று. பம்பு ஒரு தள்ளு தள்ளும்போது எண்ணெய் மட்டம் ஏறும், விட்டால் இறங்கும். நாடி பார்ப்பதுதான், துடிப்பு எண்ணினால் எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது என்றும் ஊகித்துக்கொள்ளலாம். துடிப்பு நின்றுவிட்டால் கீழே வயல் தேட வேண்டியதுதான்.

● முதல் உலகப் போரில் இந்தக் கேமலை ஓட்டியவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு: ராவல்பிண்டியில் பிறந்த ஹர்தித் சிங் மாலிக். பிரிட்டிஷ் விமானப்படையின் 28-ஆம் ஸ்க்வாட்ரனில் இருந்து 1917-இல் சண்டையிட்டுக் காயம்பட்டார். தலைப்பாகைக்கு மேலே போடத் தனி ஹெல்மெட் வைத்திருந்தார் என்பார்கள். தலைப்பாகை, ஹெல்மெட், அதற்கும் மேலே எஞ்சின் துப்பும் விளக்கெண்ணெய்த் தூறல்!

● அந்தத் தூறலைச் சுவாசித்தும் விழுங்கியும் பறந்த விமானிகளுக்கு வயிறு போகும் என்று அந்தக் காலத்து நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. லீவு நாளில் குழந்தைகளைப் பிடித்து உட்காரவைத்து விளக்கெண்ணெய் புகட்டிய நம் பாட்டிமார் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். கழுத்துத் துணி அழகுக்கு மட்டும் அல்ல, கண்ணாடியில் படிந்த எண்ணெயைத் துடைக்கவும்தான்.

● விமானத்துக்கு முன்பே நம் ஊரில் அச்சில் சுற்றியது இந்த எண்ணெய்தான். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. மாட்டு வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாயில் தொங்கும். சக்கரம் கத்த ஆரம்பித்தால் இறங்கி, கடையாணியைக் கழற்றி, அச்சில் தடவுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்திய ரயில்களும் விளக்குக்கும் மசகுக்கும் விளக்கெண்ணெயைத்தான் நம்பியிருந்தன.

● ‘காஸ்ட்ரால்’ என்ற பெயர் 1909-இல் வந்தது, ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலிருந்து. விற்றது லண்டனின் வேக்ஃபீல்டு கம்பெனி.

● முதல் உலகப் போர் நடந்தபோது ஆமணக்கு, துப்பாக்கி மருந்துக்குச் சமமான சரக்கு. அமெரிக்கா தன் தென் மாநிலங்களில் அரசு ஏற்பாட்டில் விதைத்தது. இன்றைக்கு உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது. அதில் பெரும்பங்கு குஜராத்தில். தமிழ்நாட்டில் ஆமணக்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் இருப்பது சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், மரவள்ளியோடு சேர்த்து. நம் தென்காசி மாவட்டக் கரிசலில் மிளகாய்க்கும் கடலைக்கும் ஓரமாக நிற்கிற செடிதான், ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை.

● வாங்கெலுக்கு வருவோம். ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் (1902–1988) கண்டுபிடித்த எஞ்சின் என்.எஸ்.யு. கம்பெனியில் முதன்முதலாக 1957-இல் ஓடியது. கார் எஞ்சினையே மாற்றிப்போட்ட இவர் கடைசிவரை டிரைவிங் லைசென்ஸ் எடுத்ததில்லை. கிட்டப்பார்வை அவ்வளவு மோசம்.

● வீட்டு விமானம் கட்டுகிறவர்கள் கை வைப்பது பெரும்பாலும் மாஸ்டாவின் 13பி. ஜப்பானின் ஹிரோஷிமாவில் பிறந்தது, ஆர்.எக்ஸ்-7 காரில் ஓடியது. இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் 654 சி.சி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய காரிலிருந்து இதைக் கழற்றி, ஆர்.வி-4, ஆர்.வி-6, கோஸி மாதிரியான கிட் விமானங்களில் பூட்டிப் பறக்கிறார்கள். வால்வு கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது, முறிவதற்கு உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு சீல் போனால்கூட முக்கி முனகிக்கொண்டாவது தரையில் கொண்டுபோய் இறக்கிவிடும் என்று ரோட்டரிப் பிரியர்கள் மார்தட்டுவார்கள். சரிதான். ஆனால் அது எண்ணெய் உள்ளே இருக்கும்வரைக்கும் உள்ள பேச்சு. எண்ணெய் போய்விட்டால் பிஸ்டன் எஞ்சினும் ஒன்றுதான், ரோட்டரியும் ஒன்றுதான். விமானத்தில் மாஸ்டாவைத் தோற்கடிப்பது பெரும்பாலும் மாஸ்டாவின் பாகம் அல்ல, கட்டியவர் தாமே வைத்த குழாய், மூட்டு, கிளாம்ப் இவைதான் என்பது என் எண்ணம்.

● வாங்கெலில் எண்ணெய்க்கு வழுக்க வைப்பது பாதி வேலை. மீதி வேலை சூட்டைத் தூக்கிக்கொண்டு வருவது. குற்றாலத்துக்கு வருகிறவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பதைப் போல இந்த எஞ்சினுக்கும் தண்ணீர், எண்ணெய் இரண்டும் வேண்டும்: வெளிக்கூட்டைத் தண்ணீர் குளிர்விக்கும், உள்ளே உருளும் ரோட்டரை எண்ணெய் குளிர்விக்கும். குளிர்விப்பான் வழியாக வெளியே போகும் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயோடு போகிறது. அதனால் காரில் ஒப்புக்கு வைப்பது போன்ற சின்ன ஆயில் கூலர் இங்கே ஒன்றுக்கும் உதவாது.

● எண்ணெய் எந்த வழியே போகிறது? கூடவே நடந்து பார்ப்போம். அடியில் சம்ப், ஐந்து லிட்டரை ஒட்டிக் கொள்ளும். முன்பக்கத்தில் செயினால் சுற்றும் பம்பு அதை உறிஞ்சி, முன் கூட்டின் வழியாக வெளியே ஹோஸில் தள்ளுகிறது. ஹோஸ் ஆயில் கூலருக்குப் போகிறது. கூலரில் ஆறிய எண்ணெய் இன்னொரு ஹோஸில் எஞ்சினின் பின்பக்கம் ஏறி, ஃபில்டரைத் தாண்டி, பேரிங்குகளுக்கும், ரோட்டர்களைத் தாங்கும் எக்ஸென்ட்ரிக் ஷாஃப்டின் துளைக்கும் போகிறது. ஷாஃப்டில் உள்ள சின்ன ஜெட்டுகள் ரோட்டரின் வயிற்றுக்குள் அதைப் பீய்ச்சுகின்றன. அங்கே அலம்பிவிட்டு, சூடேறி, பக்கவாட்டில் வடிந்து மறுபடி சம்பில் விழுகிறது. நல்ல ஓட்டத்தில் அழுத்தம் 70 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோ.

கவனித்தீர்களா? கூலருக்குப் போய்த் திரும்பும் இரண்டு ஹோஸும் ஒப்புக்குக் கிளை பிரிந்தவை அல்ல. எஞ்சினுக்குப் போகிற எண்ணெய் முழுவதும் அவை வழியாகத்தான் போயாக வேண்டும். கிளைக் குழாய் அறுந்தால் கசிவு. இது அறுந்தால் ஐந்து லிட்டரும் வெளியே, ஒரு நிமிடம்கூட ஆகாது.

● ஒரு ரப்பர் வளையத்தின் கதை: முன் கவர் எஞ்சினோடு சேரும் இடத்தில், எண்ணெய் தாண்டும் துளையைச் சுற்றி ஒற்றை ஓ-ரிங் உண்டு. சுண்டுவிரல் மோதிரம் அளவுதான். அது பிதுங்கினாலோ வெட்டுப்பட்டாலோ எண்ணெய் வெளியே சொட்டாது, உள்ளேயே சம்புக்குத் திரும்பிவிடும். தரையில் ஒரு துளிக் கறை இருக்காது, அழுத்த முள் மட்டும் விழும். எங்கே ஓட்டை என்று தேடி மண்டை காய்ந்தவர்கள் ஏராளம். எஞ்சினைப் பிரித்தால் புது வளையம் போட்டுத்தான் மூட வேண்டும். பழையதையே துடைத்துப் போடுகிற சிக்கனம் இதில் ஆகாது.

● எண்ணெய்ச் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது ரேஸ்காரர்களிடமிருந்து விமானக்காரர்கள் வாங்கிக்கொண்ட பாடம். ரோட்டரின் பக்கங்களில் எண்ணெயைத் தடுக்கும் வளையங்களுக்குள்ளும் ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. அது வெந்து கல்லானால் எண்ணெய் எரியும் அறைக்குள் நுழைந்துவிடும். பின்னாலே நீலப் புகை.

சூடு மிகக் குறைந்தாலும் ஆகாது. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி எண்ணெயில் இறங்கும். 80 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரமாவது ஓடினால்தான் அது ஆவியாகிப் போகும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் அடிக்கும் நம் பக்கம் ஒரு எஞ்சினைக் கொட்டகையில் வைத்து வாரத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் ‘சும்மா’ ஓட்டிப் பார்ப்பது, அதற்கு நல்லது செய்வதாக நினைத்துத் தண்ணீர் புகட்டுவதுதான்.

● கூலரைக் காற்று அடிக்கிற இடத்தில் நேராகத் தூக்கி வைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. வேகமாக வரும் காற்று கூலரின் தகடுகளில் மோதிச் சிதறி, சுற்றிக்கொண்டு போய்விடும். நுழைவாயைக் கூலரின் முகப்பைவிடச் சின்னதாக வைத்து, உள்ளே புனல் மாதிரி விரித்து, காற்று தளர்ந்து அழுத்தம் ஏறிய பிறகு தகடுக்குள் விட வேண்டும். வெளியே போகும் வழியும் தாராளமாக வேண்டும். பத்துப் பைசாத் தகர வேலை, ஆனால் இருபது டிகிரி வித்தியாசம் இதில் ஒளிந்திருக்கும். தண்ணீருக்கு ரேடியேட்டராகச் சிலர் கார் ஏ.சி.யின் எவாப்பரேட்டரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்; அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு சபாஷ்.

● டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் ‘ஏபெக்ஸ் சீல்’ என்று ஒரு மெல்லிய கம்பி, கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடும். அதற்குச் சம்பின் எண்ணெய் தானாகப் போய்ச் சேராது. காரில் மாஸ்டா ஒரு குட்டிப் பம்பு வைத்துச் சம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊட்டியது. அந்த எண்ணெய் எரிந்து போகும். வீட்டு விமானக்காரர்களில் பலர் அந்தப் பம்பை எடுத்துவிட்டு, டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுகிறார்கள். எஞ்சின் ஆயில் எரிந்தால் சாம்பல் தங்கும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் எரிவதற்கென்றே செய்தது. டி.வி.எஸ். 50-க்குப் பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு 20 மில்லி என்று கலந்து வாங்கினோம். இதற்கு 7, 8 மில்லி போதும் என்பது பலர் வைத்திருக்கும் கணக்கு. ஒரே ஆபத்து: வேறு ஊரில் இறங்கிப் பெட்ரோல் போடும்போது ஆயில் டப்பா கையில் இருக்க வேண்டும்.

● அந்த ஏபெக்ஸ் சீல் மாஸ்டாவைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1960-களின் தொடக்கத்தில் சீல் அதிர்ந்து அதிர்ந்து கூட்டின் சுவரில் வரிவரியாகக் கீறியது. பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘சாத்தானின் நகக்குறி’. கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பேர் உட்கார்ந்து தீர்த்தார்கள். 1967-இல் காஸ்மோ கார் வந்தது, 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் 787பி ஜெயித்தது.

● ஹோஸ் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது.

எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், விமானத்தின் உடம்பு ஆடாது. இரண்டுக்கும் நடுவே விறைப்பான பித்தளை, அலுமினியக் குழாய் போட்டால் மூட்டில் விரிசல் விடும். வளையும் ஹோஸ்தான் வேண்டும். விமான ஹோஸின் அளவைப் பதினாறில் ஒரு அங்குலத்தில் எண்ணுவார்கள்: ஏ.என்.10 என்றால் 10/16, அதாவது அரையே அரைக்கால் அங்குலக் குழாய்க்கு உரியது, முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 13பி-யின் கூலர் வழிக்கு இந்த அளவைத்தான் பலர் போடுகிறார்கள். மெலிந்த ஹோஸ் போட்டாலும், சடக்கென்று திரும்பும் எல்போக்களை அடுக்கினாலும் அழுத்தம் வழியிலேயே தின்னப்பட்டுவிடும். வளைவு என்றால் பெரிதாக, சாவகாசமாக வளைய வேண்டும்.

தென்காசிப் பக்கம் ஜே.சி.பி.க்கும் டிராக்டருக்கும் ஹோஸ் அடித்துத் தருகிற கடையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஹோஸை அறுத்து, முனையில் ரப்பரைச் சீவி, உள்ளே பின்னியிருக்கும் எஃகு வலை தெரியும்படி செய்து, ஃபிட்டிங்கை நுழைத்து, எட்டுப் பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்கும் மெஷினில் கொடுப்பார்கள். ஒரே ஒரு ‘குக்’. அந்த ஹைட்ராலிக் ஃபிட்டிங்குகளில் ஒரு வகையின் கூம்புச் சரிவு 37 டிகிரி. விமான ஃபிட்டிங்கின் சரிவும் அதே 37 டிகிரிதான். கார்க் குழாய்களில் புழங்கும் 45 டிகிரியை இதில் சேர்த்து முடுக்கினால் உட்கார்ந்த மாதிரித் தெரியும், சூடேறியதும் அழும். கோணம் ஒன்றாக இருப்பதால் ஜே.சி.பி. ஹோஸையே விமானத்துக்கு மாட்டலாம் என்று அர்த்தமில்லை. எடை, சூடு தாங்கும் திறன், சோதனைச் சான்று எல்லாம் வேறு. எஞ்சின் அறைக்குள் ஓடும் எண்ணெய் ஹோஸுக்கு மேலே சிலிக்கோன் பூசிய கண்ணாடி இழை உறை ஒன்றும் போடுவார்கள், தீப்பிடித்தால் இறங்குகிறவரை தாங்கட்டும் என்று.

● நம் ஊர்ப் பிளம்பர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளை டெஃப்ளான் டேப் இருக்கும். விமான எண்ணெய்க் குழாயில் அதற்கு இடமில்லை. கூம்பு ஃபிட்டிங் உலோகமும் உலோகமும் அழுந்தித்தான் அடைக்கிறது, மரையால் அல்ல. டேப் சுற்றினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதில் ஒரு நூல் பிய்ந்து எண்ணெயோடு போய் ரோட்டர் ஜெட்டில் உட்கார்ந்தால் அந்த ரோட்டர் வேகும்.

● அழுத்த மானியின் சென்சாரை எஞ்சினிலேயே பித்தளை நிப்பிளில் திருகி வைப்பது பலர் செய்யும் காரியம். கனமான சென்சார், மெல்லிய பித்தளைக் கழுத்து, ஓயாத அதிர்வு. என்றைக்காவது ஒருநாள் கழுத்து முறியும். சென்சாரை, எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே உள்ள தீச்சுவரில் பொருத்தி, நடுவில் ஒல்லி ஹோஸ் கொடுப்பதே முறை. எஞ்சின் முனையில் ஊசித் துளையுள்ள ஃபிட்டிங் போட்டுவிட்டால், அந்த ஹோஸே அறுந்தாலும் எண்ணெய் மெதுவாகத்தான் கசியும். இறங்க நேரம் கிடைக்கும். அழுத்தம் காட்டுவதற்கு ஊசித் துளை தாராளம்.

● மூச்சுக் குழாயை மறக்கிறவர்கள் உண்டு. எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியே போக ஒரு குழாய் விமானத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். உயரத்துக் குளிரில் அதன் நுனியில் நீராவி உறைந்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைப் பிய்த்துத் தள்ளும். அதனால் எஞ்சின் மூடிக்குள், சூடான இடத்தில், அதே குழாயில் ஒரு சின்னக் கீறல் விட்டிருப்பார்கள். நுனி அடைத்தாலும் இந்தக் கீறல் மூச்சு விடும்.

● சுரண்டை, பாவூர்சத்திரம் போகும் வழியில் நிற்கும் காற்றாலைகளுக்கும் இந்த விமானங்களுக்கும் ஒரு தலைகீழ் உறவு. செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் மெதுவாகச் சுற்றும் இறக்கையைப் பல்சக்கரப் பெட்டி 1,000, 1,500 சுற்றுக்கு ஏற்றி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. மாஸ்டா விமானத்திலோ 6,000 சுற்றை இரண்டிலோ மூன்றிலோ ஒரு பங்காக இறக்கி புரொப்பெல்லருக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புரொப்பெல்லரின் நுனி ஒலியின் வேகத்தை எட்டிக் கத்தும், இழுக்காது. சிலர் ஃபோர்டு காரின் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிப் பல்சக்கரங்களையே இதற்கு எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கும் எண்ணெய் வேண்டும். எஞ்சின் எண்ணெயிலிருந்தே ஒல்லிக் குழாய் ஒன்று பிரியும். உள்ளே போகும் குழாய் ஒல்லி, வடியும் குழாய் பருமன். இதை மாற்றி வைத்தால் பெட்டிக்குள் எண்ணெய் தேங்கி நுரைக்கும்.

● எண்ணெய் திரும்பி வராத பழைய வழி செத்துவிடவில்லை. நார்ட்டன் மோட்டார் சைக்கிளின் வாங்கெலிலிருந்து வழிவந்த 50 குதிரைத் திறன் எஞ்சின், ஜெர்மனியின் ஏ.எஸ்.எச். 26இ கிளைடரில் இருக்கிறது. அதில் ரோட்டரின் வயிற்றைக் குளிர்விப்பது எண்ணெய் அல்ல, காற்று. எண்ணெயைச் சிறிதளவு ஊட்டி எரித்துவிடுவார்கள். கூலரும் இல்லை, பெரிய ஹோஸும் இல்லை. ஏறுவதற்கு மட்டும் எஞ்சின் போட்டுக்கொண்டு பிறகு அணைத்துவிடும் கிளைடருக்கு இது பொருத்தம்.

● வாங்கெல் இந்தியாவிலும் செய்தாகிவிட்டது. ராணுவத்தின் ஆளில்லா விமானம் ‘நிஷாந்த்’துக்காக, அகமத்நகரின் வாகன ஆராய்ச்சி நிறுவனமான வி.ஆர்.டி.இ.யும் பெங்களூரின் என்.ஏ.எல்., ஏ.டி.இ. இரண்டும் சேர்ந்து 55 குதிரைத் திறன் எஞ்சினை உருவாக்கின. எடை சுமார் 30 கிலோ. 2009-இல் கோலாரில் அதை வைத்துப் பறக்கவிட்டார்கள். சீல் உரசும் சுவருக்கு நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு கொடுத்தது என்.ஏ.எல்.

● புதிதாகக் குழாய் போட்ட எஞ்சினை எடுத்ததும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் சுற்றவிட்டு, அழுத்த முள் எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கூலரும் இரண்டு ஹோஸும் காலியாக இருப்பதால் முள் எழ நேரம் பிடிக்கும். ஸ்டார்ட்டர் சுட்டுவிடாமல் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். முள் எழுந்த பிறகு பிளக்கை மாட்டி ஓட்டி, ஒவ்வொரு மூட்டையும் டார்ச் அடித்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, ஃபில்டரை எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டு, டிப்ஸ்டிக்கை உருவினால் மட்டம் இறங்கியிருக்கும். கசிவு என்று பதற வேண்டாம், கூலரும் ஹோஸும் குடித்த எண்ணெய் அது. இன்னொரு டப்பாவை உடைத்து, கோடு வரைக்கும் ஊற்றிக்கொள்ளலாம்.